ஏட்டில் இருப்பதும் ஏட்டில் இல்லாததும்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது எமது முதுமொழி. 'தொட்டுக் காட்டாத வித்தை சுட்டுப் போட்டாலும் வராது' என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே கருத்தைச் சொல்வனபோலத் தோன்றினும் அவ்வாறன்று. முதலாவது நூலையே தள்ளிவிடுகிறது. இரண்டாவது நூலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆசிரியனின் கையைப் பற்றி மட்டுமே சொல்கிறது. பழைய தற்காப்புக் கலைச் சுவடிகளால் இன்று அக்கலைகளைப் பயில்வோருக்கு என்ன பயன் என்ற கேள்வியை இவ்விரு முதுமொழிகளுக்கும் இடையில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் புலமைக் கேள்வியன்று. நான் வாழும் ரெக்ஸ்டேலில் எம்மவரின் பிள்ளைகள் வார இறுதிகளில் சிலம்பம், கராத்தே, ஜூடோ, பிரேசிலிய ஜியு-ஜிட்சு என ஏதேனும் ஒன்றைப் பயில்கின்றனர். அவர்களைக் கூட்டிவந்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரிடையே இரண்டு கருத்துகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். எமது முன்னோர் எல்லாவற்றையும் ஏட்டில் எழுதி வைத்துள்ளனர், அவற்றை அச்சிட்டுக் கொடுத்தாற் போதும், யப்பானியனிடம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை என்பது ஒன்று. அவை செத்த சரக்கு, மூடநம்பிக்கையும் மருத்துவமும் கலந்த கூழ், இன்றைய பயிற்சிக்கு ஒரு வரியும் உதவாது என்பது மற்றது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வரலாறு கற்பித்தவன் என்ற வகையிலும், இன்று பிளாஸ்ரிக் வார்ப்பு இயந்திரமொன்றின் முன் நின்று உழைப்பவன் என்ற வகையிலும் இவ்விரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், எம்மிடம் இருப்பவை எவை என்பதைப் பார்ப்போம். தமிழில் போர்க்கலை சார்ந்த சுவடிகளுள் மிகுதியாகக் கிடைப்பவை வர்மச் சுவடிகளே. இவற்றிற் பெரும்பாலானவை பழைய தென்திருவிதாங்கூரில், அதாவது இன்றைய குமரி மாவட்டத்திலும் அதனைச் சுற்றியும் வாழ்ந்த ஆசான் குடும்பங்களிடம் இருந்தவை. 'வர்ம சூத்திரம்', 'வர்ம பீரங்கி', 'வர்ம கண்ணாடி', 'வர்ம திறவுகோல்', 'ஒடிவு முறிவு சர சூத்திரம்' முதலான பெயர்களில் அவை வழங்குகின்றன. பலவும் அகத்தியர் பெயரில் உள்ளன. உடலில் 108 வர்மப் புள்ளிகள், அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்பது பரவலான கணக்கு. சுசுருத சங்கிதை கூறும் மர்மங்கள் 107. எண்கள் நெருங்கியிருப்பினும், புள்ளிகளின் பெயர்களும் வகுக்கும் முறையும் வேறு. தென்னிந்தியாவின் இவ்விரு மரபுகளையும் ஒப்பிட்டு பிலிப் சரில்லி 1992இல் எழுதிய ஆய்வு இதனை விரிவாகக் காட்டுகிறது.

ஒரு வர்மச் சுவடியின் அமைப்பு ஏறத்தாழ இப்படியிருக்கும். புள்ளியின் பெயர் வரும். அது எந்த உறுப்பிலிருந்து எத்தனை விரற்கடை தூரத்தில் உள்ளது என்பது வரும். அதில் அடிபட்டால் தோன்றும் குறிகுணங்கள் வரும். எத்தனை நாழிகைக்குள் சிகிச்சை செய்யவேண்டும் என்பது வரும். பின்னர் இளக்குமுறை, தடவுமுறை, கசாயம், எண்ணெய் என்று தொடரும். அனைத்தும் செய்யுள் வடிவில். இதைப் படித்து ஒருவர் அடிக்கவோ குணப்படுத்தவோ கற்றுவிடலாமா என்றால், முடியாது. காரணம், நூலின் மையத்திலேயே ஒரு சொல் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. அது 'மாத்திரை'.

இலக்கணம் படித்தோருக்கு மாத்திரை என்பது எழுத்தொலியின் கால அளவு. மருந்துக் கடையில் அது குளிசை. வர்மச் சுவடியில் அது விசையின் அளவு: கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, முழு மாத்திரை. ஒரே புள்ளியில் ஓர் அளவு மருந்து, இன்னோர் அளவு ஆபத்து. ஆனால் அரை மாத்திரை என்றால் எவ்வளவு? இதற்கு எந்த ஏட்டிலும் விடை எழுதமுடியாது. ஆசான் மாணவனின் கையைப் பிடித்துத் தன் விரலால் அழுத்திக் காட்டுவதே விடை. அவ்விரலின் கனம் மாணவனின் உடலில் நினைவாகத் தங்கவேண்டும். ஆக, சுவடி எழுதியவர் முதல்முறையாகக் கற்பவனுக்காக எழுதவில்லை. தொட்டுக் காட்டப்பட்டவன் மறவாதிருக்கவே எழுதினார். செய்யுளில் எழுதியதும் அதற்கே. பரிபாசைச் சொற்களில் மறைத்து எழுதியதற்கு வேறு காரணமும் உண்டு: தகுதியற்றவன் கையில் ஏடு கிடைத்தாலும் பொருள் கிடைக்கக்கூடாது.

இது எமக்கு மட்டும் உரிய விசித்திரம் என்று கருதவேண்டாம். யப்பானிய ஜியு-ஜிட்சு மரபுகளிலும் இதே நிலைதான். ஒவ்வொரு மரபும் தன் மாணவருக்கு வழங்கிய 'மொக்குரோக்கு' என்னும் சுருள், பெரும்பாலும் பிடிகளினதும் வீழ்த்தல்களினதும் பெயர்ப்பட்டியலே. அப்பெயருக்குப் பின்னால் உள்ளதை 'குதென்' எனப்படும் வாய்மொழி மரபே நிரப்பியது. அப்பட்டியலை மட்டும் வைத்து வெளியாள் ஒருவன் கற்கப் புகுந்தால், உணவகத்தின் பட்டியலைப் படித்துப் பசியாற முயன்றவன் கதிதான்.

அப்படியானால் இரண்டாவது கட்சியார் சொல்வதே சரி, ஏடுகளால் பயனில்லை என்று முடித்துவிடலாமா? இங்குதான் கானோ ஜிகோரோவின் வாழ்க்கை எமக்கு உதவுகிறது. கானோ 1860இல் பிறந்தவர். பல்கலைக்கழகத்திற் பயின்றவர், பின்னாளில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் அதிபர். அவர் இளைஞராயிருந்தபோது, மெய்ஜி காலத்து நவீனமயமாக்கலில் ஜியு-ஜிட்சு மதிப்பிழந்து கிடந்தது. அவரது முதல் ஆசான் ஃபுகுடா ஹச்சினொசுகே 1879இல் இறந்தபோது அம்மரபின் சுவடிகள் கானோவின் கைக்கு வந்தன. பின்னர் இன்னொரு மரபைச் சேர்ந்த இயிகுபோ சுனெதோசியிடம் கற்று, அதன் ஏடுகளையும் பெற்றார். 1882இல் கொடோக்கன் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அங்கு பிறந்ததுதான் ஜூடோ. ஒரே மரபை மட்டும் கற்றவருக்கு அதன் வழக்கம் இயற்கை விதி போலத் தோன்றும். இரு மரபுகளின் பயிற்சியும் ஏடுகளும் கையிலிருந்தவருக்கு, இவற்றுக்குப் பொதுவான தத்துவம் எது, வெறும் வழக்கம் எது என்று கேட்க முடிந்தது.

அவர் தம் நினைவுகளிற் கூறும் இன்னொரு சம்பவம் இதைவிடத் தெளிவானது. மாணவனாயிருந்தபோது தம்மிலும் பெரிய உடலுடைய ஒரு சகமாணவரை அவரால் வீழ்த்த முடியவில்லை. சுமோ மல்யுத்தத்தின் உத்திகளைக் கேட்டறிந்து முயன்றார், பலிக்கவில்லை. பின்பு நூலகத்துக்குச் சென்று மேலைநாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டி, எதிராளியைத் தோள்மேல் தூக்கி எறியும் ஒரு முறையைக் கண்டெடுத்து, பழகி, அவரை வீழ்த்தினார். அதுவே ஜூடோவில் 'கத்தா-குருமா' ஆயிற்று. நூலிலிருந்து கற்க முடியாது என்போருக்கு இது பதில். ஆனால் எவரால் அவ்வாறு கற்க முடிந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். ஏற்கெனவே விழவும் வீழ்த்தவும் பழகிய உடலும், தீர்க்கப்படாத ஒரு குறிப்பான கேள்வியும் அவரிடம் இருந்தன. இவ்விரண்டும் இல்லாதவனுக்கு அதே நூல் படம் பார்க்கும் புத்தகம்.

பழைய கைந்நூல்களின் இரண்டாவது பயன் வேறு வகையானது. என் வேலையிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் வேலை செய்யும் இயந்திரத்துக்கு ஒரு தடித்த கைந்நூல் உண்டு. வெப்பநிலை, அழுத்தம், அச்சு மூடும் நேரம் எல்லாம் அதில் உள. ஆனால் அச்சு சரியாக மூடவில்லை என்பதை அனுபவமுள்ள தொழிலாளி சத்தத்தைக் கொண்டே அறிந்துவிடுவான். அச்செவியறிவு நூலில் இல்லை. இது ஒரு பக்கம். மறுபக்கம், இன்று எல்லோரும் செய்யும் ஒரு காரியத்தை 'இது இப்படித்தான் செய்வது' என்று புதியவருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கைந்நூலைத் திறந்து பார்த்தால், முன்பொருகால் யாரோ ஒருவர் வசதிக்காகச் செய்த மாற்றமே இன்று விதியாகிவிட்டது என்பது தெரியவருகிறது. கைந்நூல் எமக்கு வேலை கற்பிக்கவில்லை. எமது வழக்கம் வழக்கம் மட்டுமே என்பதை அது நினைவூட்டுகிறது.

ஜூடோவின் வரலாற்றில் இதைத் துல்லியமாகக் காணலாம். 1925இல் முழங்கை தவிர்ந்த ஏனைய மூட்டுப் பூட்டுகள் போட்டியிலிருந்து விலக்கப்பட்டன. 2010இல் காலைக் கையாற் பிடித்து வீழ்த்துவது சர்வதேசப் போட்டிகளிற் கட்டுப்படுத்தப்பட்டு, 2013இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. கானோ நூலகத்திற் கண்டெடுத்த கத்தா-குருமா அதன் பழைய வடிவில் இத்தடைக்குள் அகப்பட்டது. போட்டியிற் பயன்படாததைப் பயிற்சியாளர் கற்பிப்பதில்லை. கற்பிக்காததை அடுத்த தலைமுறை இருந்ததாகவே அறியாது. உயெநிஷி சடகாசு 1905இல் இலண்டனில் வெளியிட்ட பாடநூலையோ, தானி யுகியோவும் மியாக்கே தாரோவும் 1906இல் வெளியிட்ட நூலையோ இன்று ஒரு ஜூடோ வீரன் திறந்தால், தனது கலை எவ்வளவு சுருங்கியுள்ளது என்பதை உணர்வான். 1906இலேயே எமிலி வாட்ஸ் என்ற பெண்மணி ஜியு-ஜிட்சு பற்றித் தனி நூல் எழுதினார் என்பதையும், சில ஆண்டுகளில் எடித் கரட் என்ற ஆசிரியை வாக்குரிமைப் போராளிப் பெண்களுக்கு இக்கலையைக் கற்பித்தார் என்பதையும் அறிந்தால், இது ஆண்களின் சொத்து என்ற எண்ணமும் கலையும்.

இந்த வெளிச்சத்தில் வர்மச் சுவடியை மீண்டும் பார்ப்போம். அங்கே எமக்குத் தெரிய வருவது என்ன? என்னைப் பொறுத்தவரை முக்கியமானது ஒன்றுதான். அச்சுவடிகளில் அடியும் சிகிச்சையும் பிரிக்கப்படவில்லை. எந்தச் செய்யுள் ஒரு புள்ளியிற் பட்ட அடியின் விளைவைச் சொல்கிறதோ, அதனையடுத்தே இளக்குமுறையும் சொல்லப்படுகிறது. உயிர்ப்பிக்கும் புள்ளிகளுக்கு 'அடங்கல்' என்று தனிப் பெயரே உண்டு. இளக்கத் தெரியாதவன் அடிக்கத் தகுதியற்றவன் என்பது அங்கு ஓர் அறிவுரையாக மேலே ஒட்டப்படவில்லை. நூலின் கட்டமைப்பாகவே உள்ளது. இன்று இவை இரண்டு தொழில்களாகிவிட்டன. ஒரு பக்கம் பதக்கத்துக்கான சிலம்பப் போட்டி, மேடைக் காட்சி. மறுபக்கம் 'வர்ம சிகிச்சை' என்ற பெயர்ப்பலகை. முதலாமவருக்குக் காயத்தைப் பற்றித் தெரியாது. இரண்டாமவருக்கு அடியைப் பற்றித் தெரியாது. இப்பிரிவு எப்போதும் இருந்ததல்ல என்பதற்கு ஏடு சாட்சி. இன்று பயில்வோர் அதிலிருந்து பெறக்கூடியது இரகசியப் புள்ளிகளின் பட்டியல் அல்ல. தம் பயிற்சியில் எது குறைகிறது என்ற கேள்வியே.

மூன்றாவதாகச் சொல்லவேண்டியது எச்சரிக்கை. சாட்சி என்று கூறினால், குறுக்கு விசாரணையும் வேண்டும். பழைய நூல் என்பதாலேயே அது உண்மை பேசுகிறது என்றில்லை. 1905இல் ஹான்கொக், ஹிகாஷி ஆகிய இருவர் வெளியிட்ட பெரிய நூல் கானோவின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கியிருந்தது. ஆனால் அது காட்டியது கொடோக்கனிற் கற்பிக்கப்பட்ட கலையை அன்று. கானோவின் பெயர் விற்கும் என்பதே காரணம்.

இதைவிட எமக்கு நெருக்கமான உதாரணம் போதிதருமர். காஞ்சிபுரத்திலிருந்து சென்ற தமிழரான போதிதருமரே ஷாவோலின் மடத்துக்குப் போர்க்கலையைக் கற்பித்தார், ஆகவே குங்ஃபூ, கராத்தே, ஜியு-ஜிட்சு யாவும் எம்முடையவை என்ற பேச்சு, 2011இல் 'ஏழாம் அறிவு' திரைப்படத்தின் பின் வீடு வீடாகப் பரவிற்று. இதன் மூலம் எது? 'யிஜின் ஜிங்' என்னும் சீன உடற்பயிற்சிக் கைந்நூல். அது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. அதன் முன்னுரையோ 628ஆம் ஆண்டு ஒரு தளபதி எழுதியதாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அம்முன்னுரை போலி என்பதைச் சீன அறிஞர்களே முன்பே கண்டனர். 1930இல் தாங் ஹாவோ என்ற போர்க்கலை வரலாற்றாசிரியர் போதிதருமர் கதையை ஆதாரங்களோடு மறுத்தார். ஆறாம் நூற்றாண்டுக் குறிப்புகளில் ஒன்று போதிதருமரைத் தென்னிந்திய மன்னனின் மூன்றாம் மகன் என்கிறது. 547இல் எழுதப்பட்ட இன்னொன்று பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. இரண்டும் அவர் சண்டை கற்பித்ததாகச் சொல்லவில்லை. ஒரு போலி முன்னுரையின் மேல் எமது பெருமையைக் கட்டி எழுப்புவது, எம்மிடம் உண்மையாகவே உள்ளதை அவமதிப்பதாகும்.

உள்ளதையும் இதே கண்ணாற் பார்க்கவேண்டும். அகத்தியர் இயற்றியதாகச் சொல்லப்படும் ஒரு நூலின் பெயர் 'வர்ம பீரங்கி'. பீரங்கி என்ற சொல் ஐரோப்பியரைக் குறித்த 'ஃபிரங்கி' என்பதன் வழியாகத் தமிழுக்கு வந்தது. எனவே அப்பெயராவது போர்த்துக்கேயர் வருகைக்கு முந்தியதாக இருக்க முடியாது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கோ மகிழ்ச்சியே. ஏனெனில், காலங்கடந்த முனிவரின் இடத்தில், பீரங்கியின் முழக்கத்தைக் கேட்ட, தன் நூலுக்கு அக்காலத்தின் மிக வலிய ஆயுதத்தின் பெயரைச் சூட்டிய ஓர் ஆசான் தென்படுகிறார். அவர் நாடார், மறவர், கள்ளர் போன்ற, ஏட்டறிவுக்கு உரியவராக மேற்சாதியினர் ஏற்காத சமூகங்களுள் ஒன்றைச் சேர்ந்தவராக இருந்திருக்கலாம். எழுதியவை எல்லாவற்றையும் அகத்தியருக்குக் கொடுத்துவிட்டால் இந்த உழைப்பாளியை வரலாற்றிலிருந்து அழித்துவிடுகிறோம்.

ஈழத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. வடக்கிலும் கிழக்கிலும் சிலம்படி இருந்தது. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் சீனடியும் சிலம்படியும் இன்றும் பேசப்படுகின்றன. முறிவு நெரிவு பார்த்த பரியாரிமார் ஊருக்கு ஊர் இருந்தனர். ஆனால் இவர்களின் அறிவை அறிவென்று எமது படித்த வர்க்கம் கணக்கெடுக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம், நினைவுகூரவே வேண்டும். ஆனால் கம்பு சுழற்றத் தெரிந்த, விலகிய மூட்டைப் பொருத்தத் தெரிந்த ஒரு முதியவர் இடம்பெயர்ந்த கொட்டிலில் மாணவனின்றி இறந்தபோதும் ஒரு நூலகம் எரிந்தது. அதற்கு நாள் குறிக்கப்படவில்லை.

மாறாக நடந்த இடமும் உண்டு. 1920களில் கேரளத்துத் தலைச்சேரியில் களரிப்பயிற்று மீண்டெழுந்தபோது அதன் முதுகெலும்பாக நின்றவர், பல ஆசான்களிடம் சென்று கற்ற கோட்டக்கல் கணாரன் குருக்கள். அவரது மாணவர் சி. வி. நாராயணன் நாயர் அதனைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். 1937இல் சிறக்கல் டி. சிறீதரன் நாயர் களரிப்பயிற்று பற்றி மலையாளத்தில் நூல் வெளியிட்டார். உயிருள்ள ஆசான்கள் இருந்தபோதே நூலும் வந்தது என்பதே இங்கு கவனத்துக்குரியது. வங்கத்தில் தாகூர் செய்தது ஆசானை மட்டும் வரவழைத்தது. 1905இல் சானோ ஜின்னொசுகேயும், 1929இல் தககாகி சின்சோவும் சாந்திநிகேதனுக்கு வந்து ஜூடோ கற்பித்தனர். இரு ஆசான்களுக்கும் இடையில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு. முதலாமவர் கற்பித்தது அங்கேயே வேரூன்றித் தழைத்திருந்தால் யப்பானிலிருந்து இன்னொருவரை அழைக்கவேண்டி வந்திராது. ஏடு மட்டும் போதாது என்பதுபோல ஆள் மட்டும் போதாது என்பதும் உண்மை.

எனவே புலம்பெயர் சூழலில் நாம் செய்யக்கூடியது குறித்து மூன்று யோசனைகளை விவாதத்துக்கு வைக்கிறேன்.

முதலாவது, வர்மச் சுவடிகளையும் சிலம்ப நூல்களையும் பயிற்சிப் புத்தகமாகப் பிள்ளைகளிடம் கொடுப்பதை நிறுத்துவோம். கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள புள்ளிகளைப் படத்தைப் பார்த்துப் பரீட்சிப்பது வீரமன்று, விபரீதம். அதே நேரம், பல்லாண்டு பயின்ற வளர்ந்த மாணவர்களுக்கு ஓர் ஆசிரியரோடு சேர்ந்து அவற்றை வாசிக்கும் வட்டங்களை உருவாக்கலாம். பிடிவரிசையிலுள்ள பூட்டையும் பிரிவையும் ஜூடோ தெரிந்த பிள்ளையும் ஜியு-ஜிட்சு தெரிந்த பிள்ளையும் ஒருமித்துப் பரிசோதித்தால், சிலம்பம் மட்டும் தெரிந்தவனுக்குத் தோன்றாத விளக்கம் அவர்களுக்குத் தோன்றக்கூடும். கானோ செய்தது அதுவே.

இரண்டாவது, எந்தச் சுவடியைப் பதிப்பித்தாலும் எந்தப் பிரதி, யாரிடமிருந்து, என்ன காலம் என்று நம்பத்தகுந்த அளவில், எந்தச் சொல்லுக்குப் பொருள் விளங்கவில்லை என்பதைச் சேர்த்தே பதிப்பிப்போம். விளங்காததை விளங்கியதுபோல எழுதுவது மூலத்தை இரண்டாம் முறை எரிப்பதற்குச் சமம்.

மூன்றாவது, மிக அவசரமானது. ஈழத்திலும் இங்கும் சிலம்படி ஆடிய, முறிவு பார்த்த முதியவர்கள் இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் நடக்கும்போதும், கம்பைப் பிடிக்கும்போதும், இன்னொருவரின் கையைத் தொட்டு 'இவ்வளவுதான்' என்று காட்டும்போதும் பதிவு செய்யவேண்டும். 2005 முதல் 'நூலகம்' செயற்றிட்டம் எமது அச்சு நூல்களை மின்வடிவில் காத்துவருவது பெரும் பணி. உடலில் எழுதப்பட்டவற்றுக்கும் அத்தகைய பொறுமை தேவை. அவர்களைப் பேட்டி காண்பவர் தொழிலாளியாக இருந்தால் இன்னும் நல்லது. கை என்ன செய்கிறது என்று கேட்க அவருக்குத் தெரிந்திருக்கும்.

மாத்திரை என்ற சொல்லை நாளை எவரும் அச்சிலோ திரையிலோ வாசிக்கலாம். அது எவ்வளவு என்று தொட்டுக் காட்டக்கூடிய விரல்களோ வருடந்தோறும் குறைந்துகொண்டிருக்கின்றன. அவ்விரல்களை அறிந்த வாசகர்கள் இவ்விதழுக்கு எழுதவேண்டும். அதற்கு முன், அவர்களிடம் போய் உட்காரவேண்டும்.